ஐந்து பாட்டில், நாலு மாப்பிள்ளை

மகளுடைய கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள்தான் என்கிறபோது ஒரு தகப்பன் என்ன செய்துகொண்டிருப்பான்? கோட்டுக்கு இஸ்திரி போடுவான், தோட்டத்தில் புல் வெட்டுவான், மாப்பிள்ளையைப் பற்றி மனைவியிடம் முணுமுணுப்பான். ஓடீல் கார் ஷெட்டுக்குள் கதவைத் தாழிட்டுக்கொண்டு செப்படி வித்தை பழகிக்கொண்டிருந்தார்.

வித்தை இதுதான். வலது கையில் ஒரு தக்கை. அதை அப்படியே கோட்டுக் கைக்குள் நழுவ விட வேண்டும். அதே மூச்சில் இடது கை கால்சட்டைப் பையிலிருந்து வேறொரு தக்கையை எடுத்து வலது கையில் வைத்துவிட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஒரே தக்கையாகத் தெரிய வேண்டும். எழுபத்தைந்து வயது விரல்கள் லேசில் சொன்ன பேச்சைக் கேட்குமா? தக்கை ஒவ்வொரு தடவையும் கை நழுவி உருண்டு அலமாரிக்கு அடியில் போயிற்று. ஓடீல் ஒவ்வொரு தடவையும் முட்டி போட்டு, துடைப்பக் கட்டையால் அதைத் தள்ளி எடுத்தார்.

"ஓடீல்! உள்ள என்ன பண்றே?" வெளியிலிருந்து மனைவி ஜார்ஜெட்டின் குரல்.

"கார் தொடைக்கிறேன்."

"கார் வெளியில நிக்குது."

சொல்லிவிட்டு ஜார்ஜெட் போய்விட்டாள். நாற்பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் இதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனங்களையெல்லாம் பார்த்தாயிற்று.

இத்தனைக்கும் காரணம் ஓடீல் குடும்பத்தில் இருந்த ஒரு பழக்கம். ஒரு பிள்ளை பிறந்தால், அந்த வருஷத்தில் அடைத்த கூஸ் பாட்டில்கள் சிலவற்றை நிலவறையில் படுக்க வைத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளையின் கல்யாண விருந்தில்தான் அவற்றைத் திறப்பார்கள். கூஸ் என்பது அவர்கள் பள்ளத்தாக்கின் புளித்த பீர். மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்கும். பல வயதுப் பீப்பாய்களைக் கலந்து பாட்டிலில் அடைப்பார்கள். பாட்டிலுக்குள் போன பிறகும் சும்மா இருக்காது, மெல்ல மெல்லத் தன்னை மாற்றிக்கொண்டே இருக்கும். பாட்டிலில் சீட்டு எதுவும் ஒட்டுவதில்லை. எந்தப் பக்கம் மேலே பார்த்துப் படுக்க வேண்டும் என்பதற்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போடுவார்கள், அவ்வளவுதான். வருஷத்தைத் தக்கையின் உடம்பில் முத்திரையாகக் குத்தியிருப்பார்கள். தக்கையைப் பிடுங்கினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். விருந்தில் ஒவ்வொரு தக்கையையும் மணப்பெண் கையில் கொடுப்பார்கள். அவள் வருஷத்தை உரக்கப் படிப்பாள், எல்லாரும் கைதட்டுவார்கள். ஒரு பாட்டிலைக்கூட மிச்சம் வைக்கக் கூடாது.

ஓடீலின் ஒரே மகள் வேர்லா பிறந்தது எழுபத்தேழில். ஒரு பீர்ப் பட்டறையில் அந்த வருஷத்துப் பாட்டில் ஐந்தை வாங்கி வந்து படுக்க வைத்தார். வேர்லா வளர்ந்தாள், பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் சேகரிக்கும் லாரியை ஓட்டினாள். ஆண்கள் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருத்தன் போகும்போதும் அவள் மாடியேறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு ஓலமிட்டு அழுவாள். ஜார்ஜெட் சூப்பைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடுவாள். ஓடீல் நிலவறைக்கு இறங்கிப் போவார். பெற்ற மனசு, தாங்க முடியாமல் போகிறார் என்று யாரும் நினைக்கலாம்.

உண்மையில் அவர் கொண்டாடப் போனார். எழுபத்தேழில் ஒன்றைத் திறந்து, ரொட்டியில் வெள்ளைப் பாலாடைக்கட்டி தடவி, முள்ளங்கி நறுக்கி வைத்துக்கொண்டு, பீப்பாய் மேல் உட்கார்ந்து, அப்பாடா பிழைத்தோம் என்று சொட்டு விடாமல் குடிப்பார். வந்தவர்களில் ஒருத்தனையும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருத்தன் அவளை ஆண்ட்வெர்ப் பட்டணத்துக்குக் கூட்டிப் போகப் பார்த்தான், இன்னொருத்தன் கெண்ட் பட்டணத்துக்கு. சமையலறை மேஜையில் தனக்கு எதிரே அந்த நாற்காலி காலியாகக் கிடப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அடுத்த வாரமே ரகசியமாகப் போய் அதே பட்டறையில் ஒரு புதுப் பாட்டில் வாங்கி வந்து, காலியான இடத்தில் படுக்க வைத்து, மேலே ஒரு பிடி புழுதியைத் தூவிவிடுவார். வெளியே பார்த்தால் ஐந்தும் ஒரே அச்சு.

இப்படி நாலு பாட்டில் மாறிப்போயின. அசல் எழுபத்தேழு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதன் வாயில் மெழுகு வைத்து மூடியிருந்தது. ஏன் மெழுகு என்பதை ஓடீல் யோசிப்பதில்லை. அதைக் கடைசியில் திறந்துகொள்ளலாம், அதற்குள் யாருக்கும் கண் தெளிவாக இருக்காது என்று கணக்குப் போட்டிருந்தார். குடித்த நாலின் பழைய தக்கைகளை எறியாமல் வைத்திருந்தார். கால்சட்டைப் பையில் இருந்தவை அவைதான்.

அவருக்கு ஜார்ஜெட்டிடம் பயமில்லை. திட்டுவாள், பிறகு சூப்பு ஊற்றுவாள். பயமெல்லாம் வேர்லாவிடம்தான். வித்தை பிசகினால் அவள் படிக்கப்போகும் ஒவ்வொரு வருஷமும் அவள் அழுத வருஷம். மேலே நான் அழுதபோது கீழே என் அப்பா கொண்டாடினார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் அந்த முகத்தை அவர் எப்படிப் பார்ப்பார்? இந்த உலகத்தில் அவர் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

இதில் விதி வேறு விளையாடிவிட்டது. மாப்பிள்ளை திரீஸ் பக்கத்து ஊர்த் தபால்காரன், மனைவியை இழந்தவன், நல்ல மனுஷன். ஆனால் அவனுடைய அப்பா யார்? சிரீல்! எந்தப் பட்டறையிலிருந்து ஓடீல் பாட்டில்களை வாங்கினாரோ அந்தப் பட்டறைக்காரர். வாழ்நாள் முழுக்கப் பீப்பாய் முகர்ந்து பீர் கலந்தவர். எண்பத்திரண்டு வயதில் காது மந்தம், முட்டி வலி, ஆனால் மூக்கு மட்டும் இன்னும் வேட்டை நாய்க்கு இருக்கிற மாதிரி. இந்த வட்டாரத்தில் வேறு யாருக்குமே பிள்ளை பிறக்கவில்லையா என்று ஓடீல் பலமுறை நொந்துகொண்டார். போதாக்குறைக்கு அந்தப் பிள்ளை புளித்த பீரையே தொடமாட்டான். நெஞ்சு எரியுமாம், ஆப்பிள் ஜூஸ் போதுமாம்.

சனிக்கிழமை மத்தியானம் ஊராட்சி மன்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லாரும் வீட்டுத் தோட்டத்துக்கு வந்தார்கள். ஆப்பிள் மரங்களுக்கு அடியில் நீள மேஜை. இரண்டு வீட்டாரும் அக்கம்பக்கத்தார் சிலரும். முயல்கறி, உருளைக்கிழங்கு, ஒரு பெரிய சட்டியில் பச்சைக் கீரை சாலட். சிரீல் கோட்டின் மேல்பையில் கைக்குட்டை வைக்கிற இடத்தில் தன் சொந்தத் தக்கைத் திருகியைச் செருகிக்கொண்டு வந்திருந்தார்.

"சம்பந்தி, அந்தப் பாட்டிலெல்லாம் எங்க? காலையிலேருந்து நாக்கு கேட்டுக்கிட்டே இருக்கு," என்றார் உட்காரும்போதே.

"மொதல்ல சூப்பு சாப்பிடுங்க."

"சூப்பு எங்க வீட்லயும் இருக்கு. எழுவத்தேழு உங்க வீட்ல மட்டும்தான் இருக்கு. அந்த வருஷம் என் கைக்கு என்ன வந்துச்சோ தெரியலே, அப்படி ஒரு கலவை அதுக்கப்பறம் வரவே இல்லே. என்கிட்ட ஒண்ணுகூட மிச்சம் இல்லே. கண்ணை மூடறதுக்கு முன்னாடி அதுல ஒரு வாய் குடிச்சுடணும்னுதான் இந்தக் கல்யாணத்துக்கே சரின்னேன்."

"அப்பா!" என்றான் திரீஸ்.

"பொண்ணும் நல்ல பொண்ணுதான்," என்று சேர்த்துக்கொண்டார் சிரீல்.

இனித் தள்ளிப்போட முடியாது. ஓடீல் நிலவறைக்குப் போய் ஒரு பாட்டிலைப் பிரம்புக் கூடையில் படுத்த வாக்கிலேயே கொண்டுவந்தார். மேஜைக்கு முதுகைக் காட்டி நின்று தக்கையைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்தார், திருகியை இறக்கினார், இழுத்தார். டப்பென்று வெடித்தது. மரத்தில் இருந்த குருவிகள் கலைந்து பறந்தன.

"நாப்பத்தேழு வயசுல இவ்வளவு சத்தமா?" என்று சிரீலின் புருவம் உயர்ந்தது.

"உங்க கை கலந்ததாச்சே, சம்பந்தி," என்றார் ஓடீல். இந்த முறை தக்கை சொன்ன பேச்சைக் கேட்டது. புதுசு கோட்டுக் கைக்குள் போயிற்று, பழசு வேர்லாவின் உள்ளங்கைக்கு வந்தது.

நாற்பத்தேழு வயது மணப்பெண் நீல உடையில் எழுந்து நின்று, தக்கையைத் தூக்கிப் பிடித்து, லாரி எஞ்சினுக்கு மேல் கத்திப் பழகிய குரலில் படித்தாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுவத்தேழு!"

எல்லாரும் கைதட்டினார்கள். ஓடீலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒன்று முடிந்தது, இன்னும் மூன்றுதான்.

"அந்தத் தக்கைய இங்க குடும்மா," என்று சிரீல் கையை நீட்டினார். மூக்குக்கு அடியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். மறுபடி இழுத்தார். "பெப்பர்மின்ட்."

"என்னது?"

"தக்கையில பெப்பர்மின்ட் வாசனை அடிக்குது."

கால்சட்டைப் பையில் தக்கைகளோடு ஒரு பொட்டலம் பெப்பர்மின்ட் மிட்டாயும் கிடந்தது ஓடீலுக்கு அப்போதுதான் உறைத்தது. இருமலுக்கு அவர் எப்போதும் வைத்திருப்பது.

"அதோட இது எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு," என்று சிரீல் தக்கையின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இத்தனை வருஷம் பீருக்குள்ள தலைய முக்கிட்டு இருந்த தக்கை, ஒரு நிமிஷத்துல காயுமா?"

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி," என்றார் ஓடீல்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது.

சிரீல் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். மேஜையே அவர் தொண்டையைப் பார்த்தது. "நல்ல பீர். என் பீர்தான். ஆனா சின்னப் பய. எட்டு வயசு இருந்தா ஜாஸ்தி. இன்னும் சண்டைக்கு வர்றான். நாப்பத்தேழு வயசு பீர் சண்டை போடாது சம்பந்தி, பக்கத்துல உக்காந்து பேசும்." சொல்லிவிட்டு எழுந்தார். முட்டி வலிக்காரர் எழுந்த வேகத்தைப் பார்த்து அவர் மகனே அசந்துபோனான். "நிலவறை எந்தப் பக்கம்?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம், நான் போயி..."

"நீங்க உக்காருங்க."

திரும்பி வரும்போது அவர் கூடையில் மூன்று பாட்டில் இருந்தன. மெழுகு வைத்ததை விட்டுவிட்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாகத் தானே திறந்து, ஈரம் சொட்டச் சொட்டத் தக்கைகளை வேர்லாவிடம் கொடுத்தார். தடுக்க வழியில்லாமல் ஓடீல் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டாயிரத்து ரெண்டு," என்று படித்தாள் வேர்லா.

கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தட்டு தட்டி நிறுத்திக்கொண்டார்.

"முத்திரைய மாத்திக் குத்திட்டாங்களோ என்னமோ," என்றாள் ஜார்ஜெட்.

"யாரு, என் பட்டறையிலயா?" சிரீலுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ரெண்டாயிரத்து ஆறு. இது... தொண்ணூத்தொம்போது." வேர்லா மூன்று தக்கைகளையும் மேஜை விரிப்பில் வரிசையாக வைத்தாள். தொண்ணூத்தொம்போதை முன்னால் நகர்த்தினாள். பிறகு ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்தாள். "தொண்ணூத்தொம்போது, ஃபிலிப் விட்டுட்டுப் போன வருஷம். ரெண்டாயிரத்து ரெண்டு, லூடோ. ஆறு, வவுட்டர்." நிமிர்ந்தாள். "அப்பா, கைய நீட்டு."

"எந்தக் கைய?"

"எந்தக் கைய மடக்கி வெச்சிருக்கியோ அதை."

ஓடீல் நீட்டினார். கோட்டுக் கைக்குள்ளிருந்து தக்கை நழுவி விழுந்து, முயல்கறிக் குழம்பில் ஒரு முழுக்குப் போட்டு மிதந்தது. வேர்லா அதை முள்கரண்டியால் எடுத்தாள். "ரெண்டாயிரத்துப் பதினாறு. காமீல்."

அந்த நேரம் பார்த்து சிரீல் தொடையில் அறைந்துகொண்டார்.

"அட, ஒத்த பாட்டில் ஆளு! இந்த மூஞ்சிய எங்கயோ பாத்திருக்கோமேன்னு இத்தனை மாசமா மண்டைய ஒடைச்சுக்கிட்டேன். எல்லாரும் பெட்டி பெட்டியா வாங்குவாங்க. இந்த ஆளு மட்டும் பல வருஷத்துக்கு ஒரு தரம் வந்து ஒரே ஒரு பாட்டில் வாங்குவாரு. வர்றப்பவும் விசில், போறப்பவும் விசில். இவருக்கு எங்கயோ ஒரு வைப்பாட்டி இருக்கு, அவளப் பாக்கப் போறப்பதான் வாங்கறாருன்னு என் வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருக்கேன்."

"விசிலா?" என்றாள் வேர்லா.

"பேண்டு வாத்தியம் தோத்துடும்."

"நான் மேல அழுதுக்கிட்டிருந்தேன், அப்பா. நீ கீழ விசிலடிச்சுக்கிட்டிருந்தியா?"

துக்கம் தாளாமல் குடித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். ஓடீல் அதற்கும் துணிந்தார். "ஒரு துக்கத்துலதாம்மா..."

"புளுகாதே," என்றாள் ஜார்ஜெட். "துக்கத்துல எவனாவது முள்ளங்கி நறுக்கி எடுத்துக்கிட்டுப் போவானா? பாலாடைக்கட்டி வேற. மூக்கு செவக்க மேல வந்து, அடடா பாவம் எம்பொண்ணுன்னு சொல்லுவே. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் இருந்தேன். ஒரு தடவையாவது எனக்கு அரை கிளாஸ் குடுத்தியா நீ?"

"நீ போயிடுவேன்னு பயந்தேன்," என்றார் ஓடீல் மகளிடம். "ஒவ்வொருத்தனும் போறப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அதுதான் நெஜம்."

வேர்லா உட்கார்ந்தாள். அவள் கழுத்து சிவந்திருந்தது. அவள் அழப்போகிறாள், கல்யாண நாளில் என்னால் அழப்போகிறாள் என்று ஓடீலுக்குத் தோன்றியது. செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை ஆப்பிள் ஜூஸை நகர்த்தி வைத்துவிட்டு நாலு காலி கிளாஸை எடுத்துத் தன் முன்னால் அடுக்கினான்.

"நீ என்னடா பண்றே?" என்றார் சிரீல்.

"வேர்லா இவங்க பேரைக்கூட என்கிட்ட சொன்னதில்லே. இன்னிக்குத்தான் நாலு பேரும் ஒண்ணா வந்திருக்காங்க. அறிமுகம் பண்ணிக்கறேன்." ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, முதல் கிளாஸைக் கஷாயம் குடிக்கிற முகத்தோடு குடித்தான். "யப்பா. நாக்குல பொரிஞ்சுக்கிட்டே இருக்கு. நிக்கவே மாட்டேங்குது."

வேர்லா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "அது காமீல். புறாப் பந்தயம் விடறவன். அவன் வாயும் அப்படித்தான், நிக்கவே நிக்காது. எல்லாம் புறாவப் பத்தித்தான்."

"இது பல்லு கூசுது."

"வவுட்டர். பல் டாக்டர்."

ஜார்ஜெட்தான் முதலில் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கிளாஸை நீட்டி எனக்கும் கொஞ்சம் டாக்டர் ஊற்றுங்கள் என்றார். அதற்குப் பிறகு கிளாஸ்கள் மேஜையைச் சுற்றி வர ஆரம்பித்தன. சிரீல் விட்ட இடத்திலிருந்து தொழிலைப் பிடித்துக்கொண்டார். ரெண்டாயிரத்து ரெண்டை முகர்ந்து பார்த்து, "வாசனை பிரமாதம், வாய்க்குள்ள போனா ஒண்ணும் இல்லே," என்றார்.

"லூடோ. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்," என்றாள் வேர்லா.

கடைசியாகத் தொண்ணூத்தொம்போது. இருபத்தைந்து வயது பீர். அதில் வாதுமை இருந்தது, வைக்கோல் இருந்தது, பழைய குதிரைச் சேணத்தின் தோல் இருந்தது. புளிப்பு ஓரமாக ஒதுங்கி நின்றது. நெஞ்செரிச்சல்காரனான திரீஸே இரண்டாவது வாய் குடித்தான். "இது நல்லா இருக்கே."

"ஃபிலிப். நம்ம ஊரு பேண்டுல டிரம் அடிச்சவன். அப்ப அவன் ஒரு முரடன். இத்தனை வருஷத்துல நல்லா பக்குவப்பட்டிருப்பான் போலிருக்கு."

திரீஸ் அந்தக் கிளாஸை மெல்லத் தள்ளி வைத்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓடீலும் தன்னையறியாமல் சிரித்துவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டார். ஏனென்றால் வேர்லா சிரிக்கவில்லை. அவள் மறுபடி தக்கைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தன் கொறையறான்," என்றாள்.

சிரிப்பு அடங்கியது. ஜார்ஜெட் முயல்கறிச் சட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போவது போல எழுந்தாள், போகவில்லை.

"ரெண்டாயிரத்து ஒம்போது எங்க, அப்பா? பிராம் எங்க?"

திரீஸுக்கு அந்த ஒரு பெயர் மட்டும் தெரிந்திருந்தது. அவன் வேர்லாவின் பக்கம் திரும்பவில்லை, ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டான்.

ஓடீல் நிலவறைக்குப் போய் அந்த ஐந்தாவது பாட்டிலை எடுத்து வந்தார். சிரீல் அதை இரண்டு கையாலும் வாங்கி, பேனாக் கத்தியால் மெழுகைச் சுரண்டினார். சுரண்டியவர் நின்றார். "தக்கையில ஓட்டை இருக்கு. யாரோ திருகிய அடி வரைக்கும் எறக்கிட்டு, அப்பறம் திரும்ப எடுத்திருக்காங்க. காத்து உள்ள போயிருக்கும்." இழுத்தபோது சத்தமே வரவில்லை. தக்கையைத் திருப்பிப் பார்த்தார். எழுபத்தேழு. அவருடைய முத்திரை, அவருடைய நல்ல வருஷம். ஊற்றினார். கருத்த தேன் நிறம். கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோகுமுன்பே வாசனை மேஜை முழுக்கப் பரவிவிட்டது.

"வினிகர்," என்றார் சிரீல். "இதை யாருய்யா கொன்னது?"

"நான்தான்."

"எதுக்கு?"

ஓடீல் மகளிடம்தான் சொன்னார்.

"அன்னிக்கும் முள்ளங்கி நறுக்கி எடுத்துக்கிட்டுத்தான் போனேன். பொய் சொல்லலே. திருகிய முழுசா எறக்கிட்டேன். எப்பவும் மேலேருந்து நீ அழற சத்தம் கேக்கும். அன்னிக்குக் கேக்கலே. கொஞ்ச நேரம் பாத்தேன். அப்பவும் ஒண்ணும் கேக்கலே. படியில உக்காந்துக்கிட்டேன். வீடே செத்துப்போன மாதிரி இருந்துச்சு. திருகியத் திருப்பி எடுத்துட்டு, ஓட்டையில மெழுகு வெச்சேன்." மேஜையில் கிடந்த மெழுகுத் துணுக்கை எடுத்துக்கொண்டார். "அவன் திரும்பி வந்துடணும்னு வேண்டிக்கிட்டேன். எனக்கு அவனையும் புடிக்காது. ஆனா வந்துடணும்னு வேண்டிக்கிட்டேன்."

வேர்லா அவரைப் பார்த்தாள். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்று இத்தனை நாள் பயந்தவர், இப்போது பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணை எடுக்க முடியவில்லை.

அவள் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகம் கோணி, தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. பிறகு எழுந்து, சிரீல் முன்னாலிருந்த வினிகர் பாட்டிலைத் தூக்கி, சாலட் சட்டியின் மேல் கவிழ்த்தாள். தாராளமாக ஊற்றினாள். உப்பும் எண்ணெயும் சேர்த்து, இரண்டு கையாலும் புரட்டினாள். முதல் பிடியை அப்பாவின் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு."

ஓடீல் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"புளிக்குதா?"

"ரொம்ப."

"புளிக்கட்டும்." அவள் திரீஸின் தட்டில் வைத்தாள், சிரீலுக்கு வைத்தாள், அம்மாவுக்குக் கூடுதலாக வைத்தாள். சிரீல் ஒரு இலையை வாயில் போட்டு மென்று, இன்னொரு இலையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மேஜை முழுக்க எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார்கள், யாரும் தட்டை நகர்த்தவில்லை.

சட்டி ஒரு சுற்று வந்து முடிந்ததும் வேர்லா அப்பாவுக்கு அருகில் வந்து குனிந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் லாரிக்காரி குரல், எல்லாருக்கும் கேட்டது.

"இவன் போக மாட்டான், அப்பா. நீ எத்தனை முள்ளங்கி நறுக்கினாலும் போக மாட்டான். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றார் ஓடீல். பிறகு, இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டினார்.